உள்ளூர்ச் சரக்கு

கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழையும் பொள்ளாச்சிக் கார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கும். கண்ணாடி இறங்கும், ஒரு முகம் வெளியே எட்டிப் பார்க்கும், அது என்ன கேட்கப்போகிறது என்பது அங்கே நிற்பவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். சென்ற ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. "அண்ணா, கலப்படம் இல்லாத நல்ல உள்ளூர்க் கள்ளு இங்க எங்கங்க கிடைக்கும்?" நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துக்கொண்டு, வண்ணாமடைச் சாலையில் கறுப்புப் பலகையில் வெள்ளையாகக் 'கள்ளு' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும் ஷாப்பைக் கை காட்டினேன். "நல்ல கடைதானுங்களா?" என்றார் அவர். "போய்ப் பாருங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றேன். கார் போய்விட்டது. நான் சொன்னதில் எனக்குத் தெரிந்தது அந்தப் பலகை இருக்கும் இடம் மட்டும்தான். ஐம்பது வயதை நெருங்கும் எனக்கு அந்தக் கடையின் உட்புறம் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது.

பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்து கள்ளின் ருசி தெரியாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கேரளத்தின் பல மாவட்டங்களில் உள்ள ஷாப்புகளுக்குக் கள் எங்கள் தோப்புகளிலிருந்துதான் போகிறது. விடிந்ததும் பெர்மிட் ஒட்டிய வண்டிகள் கேன்களை ஏற்றிக்கொண்டு திருச்சூர், எர்ணாகுளம் என்று கிளம்பிவிடும். வரி கட்டிய தென்னைகளில் எண் எழுதியிருப்பார்கள். நான் எண்ணிப் பழகியதே அந்த எண்களை வைத்துத்தான் என்று என் அம்மா சொல்வார். ஆனால் நான் இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் 22 ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். தமிழ் பேசுவோருக்கு வாத்தியார், மலையாளம் பேசுவோருக்கு மாஷ். என் வகுப்பில் எப்போதும் நான்கைந்து பிள்ளைகளின் தகப்பன்மார் மரம் ஏறுகிறவர்களாக இருப்பார்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளின் முன் நிற்க வேண்டியவன் சனிக்கிழமை ஷாப்பில் உட்கார முடியாது என்பது யாரும் எழுதி வைக்காத விதி. அதை நான் கேள்வி கேட்டதும் இல்லை.

அதற்காக நான் குடிக்காதவன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, வெளியூரில், தெரிந்த முகம் இல்லாத இடத்தில், அளவாகக் குடிப்பேன். என்னைப் போன்ற ஆசிரியர்கள் இந்தத் தாலுகாவில் பலர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அதே கேள்வி, என் வாயிலிருந்து

மே மாத விடுமுறையில் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி கூப்பிட்டான். "மாமா, ரெண்டு நாள் வந்துட்டுப் போங்க, இங்க இப்ப ஊர்ப்பட்ட பீர் இருக்கு" என்றான். பாலக்காட்டில் எர்ணாகுளம் இன்டர்சிட்டியைப் பிடித்தால் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெங்களூர். வண்டியில் போகும்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். இந்தியாவில் உணவகத்துக்குள்ளேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் பழக்கத்துக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. புனேயில் டூலாலி 2009-இல் தொடங்கியது, பெங்களூர் இந்திராநகரின் 100 அடிச் சாலையில் டாய்ட் 2010-இல் வந்தது, அதற்குப் பிறகு அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு பளபளக்கும் செப்புக் கொப்பரைகள் முளைத்துவிட்டன. என் ஆசை எளியது. அந்த ஊரில் காய்ச்சிய நல்ல பீர் ஒன்று, அந்த ஊரில் வடித்த நல்ல விஸ்கி ஒன்று. இரண்டையும் நிதானமாகக் குடித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

முதல் நாள் மாலை போன மொட்டைமாடிக் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. மெனு அட்டை எங்கள் பள்ளி ஆண்டு மலரைவிடத் தடிமனாக இருந்தது. "இங்கே உள்ளூர் பீர் எது நன்றாக இருக்கும்?" என்று பரிமாற வந்த பையனிடம் கேட்டேன். "எல்லாமே லோக்கல்தான் சார்" என்று சொல்லிவிட்டு மாம்பழம் போட்டது, வெல்லம் போட்டது, ஃபில்டர் காபி போட்டது என்று அடுக்கினான். நான்கு சிறு கிண்ணங்களில் ருசி பார்க்க வாங்கினோம். மாம்பழத்தில் மாம்பழமும் காபியில் காபியும் இருந்தன. பீரைத்தான் தேட வேண்டியிருந்தது. எதுவும் போடாத நான்காவது கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனபோது, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. பீரில் காற்று புகுந்தாலோ, வெப்பத்தில் நெடுநாள் கிடந்தாலோ வரும் வாடை அது. மைத்துனன் அதற்குள் தன் பங்கை முடித்திருந்தான். பையன் சொன்னது பொய்யில்லை, எல்லாம் அதே ஊரில் காய்ச்சியதுதான். எனக்கோ பொள்ளாச்சிக் காரின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அந்தப் பையனும் நான் கை காட்டியதைப் போலவே கை காட்டியிருக்கிறான்.

மறுநாள் முறையை மாற்றினோம். வார நாள், பிற்பகல் மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், காய்ச்சும் இடத்தைக் கண்ணாடிச் சுவர் வழியே பார்க்கக்கூடிய ஓர் இடம். (அனுபவத்தில் சொல்கிறேன், இந்த நேரத்தில் போவதே பாதிக் காரியம். மாலையில் பரிமாறுபவர்கள் மட்டுமே கிடைப்பார்கள், பிற்பகலில்தான் காய்ச்சுகிறவர் கிடைப்பார்.) முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் தரையைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டே கைபேசியில் யாரிடமோ தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நான் தமிழில் வணக்கம் சொன்னேன். குப்பத்துக்காரர். ஆந்திரத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் வேலையில் கன்னடமும் பேசுகிறவர். நான் கேரளத்தில் பிறந்த தமிழன் என்றதும், மாநிலம் மாறிப்போன இரண்டு பேர் சந்தித்துக்கொண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப நம்ம ஊட்டு ஆளுதான், உள்ள வாங்க சார்" என்றார்.

உள்ளே சூடான வைக்கோலும் ராகிக் கஞ்சியும் கலந்தாற்போல் ஒரு மணம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 டிகிரியை ஒட்டிய சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்தச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டை விட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்ததுதான். அவர் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி தானியத்தை என் உள்ளங்கையில் கொட்டி, "மெல்லுங்க" என்றார். கடித்ததும் பொரியைப் போல நொறுங்கியது, கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் ஹார்லிக்ஸ் ஆனது. மூட்டையில் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரப் பெயர் அச்சிட்டிருந்தது. அடுத்து வெள்ளிநிறப் பையிலிருந்து ஆட்டுப் புழுக்கை அளவில் அழுத்திய பச்சை உருண்டைகளை எடுத்து என் விரல்களுக்கிடையே தேய்த்துவிட்டார். நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளியதுபோல் மூக்கில் ஏறியது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. ஈஸ்ட்டோ ஐரோப்பாவில் பொட்டலம் கட்டியது. "தண்ணியாவது இந்த ஊர்தானே?" என்றேன் சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார். ஆழ்குழாய்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஆர்.ஓ. எந்திரத்தில் விட்டு முழுதாக வெறுமையாக்கிவிட்டு, அப்புறம் எந்த வகை பீரோ அதற்கேற்ப ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து போடுவார்களாம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் இயற்கையாகவே ஜிப்சம் மிகுதி, செக் நாட்டின் பில்சன் ஊரில் மென்மையான தண்ணீர். அந்தந்தத் தண்ணீரில் பிறந்த பீர் வகைகளுக்கு அந்தந்தத் தண்ணீரையே பெங்களூரில் தயாரித்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததும் நான் சற்று இறுகிப்போனேன். ஒரு லிட்டர் பீருக்கு நான்கிலிருந்து ஏழு லிட்டர் வரை தண்ணீர் செலவாகும் என்று அவர் இயல்பாகச் சொன்னார். எங்கள் தாலுகாவில் பிளாச்சிமடைக் குளிர்பான ஆலை 2000-இல் வந்து, கிணறுகள் கெட்டுப்போய், ஆதிவாசிப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து போராடி, 2004-இல் மூடப்பட்டதைப் பார்த்தவன் நான். எங்களுக்குப் பக்கத்திலேயே எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மாநில அரசு 2025 ஜனவரியில் முதற்கட்ட அனுமதி கொடுத்ததும், முதல் எதிர்ப்பு நிலத்தடி நீரைப் பற்றித்தான் எழுந்தது. அந்த ஊர்க்காரனாக இருந்துகொண்டு, 2024 கோடையில் குடிநீருக்கே தவித்த ஒரு நகரத்தில், கையில் கண்ணாடிக் குவளையோடு நிற்கிறேன். அதற்காகக் குவளையைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். வைக்கவில்லை.

"அப்ப இதுல உள்ளூர்னு எதைச் சொல்றீங்க?" என்று கேட்டேன். குறை சொல்லும் தொனி என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் பதில் சொல்லாமல் ஒரு தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்து ஒரு குவளையில் பிடித்துக் கொடுத்தார். கோதுமை பீர், ஜெர்மானியர்கள் ஹெஃபவைசன் என்பார்கள். வடிகட்டாதது, வடித்த கஞ்சிபோலக் கலங்கல், மேலே இரண்டு விரல் தடிமனில் நுரை. முகர்ந்தேன். நேந்திரன் குலை பழுத்துத் தொங்கும் அறையின் வாசனை, அதன் பின்னாலேயே ஒரு கிராம்பு. பழம் எதுவும் போடவில்லை. நேந்திரனில் இருக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற மணப்பொருளை இந்த ஈஸ்ட் தானே உண்டாக்கிவிடுகிறது. நேற்றைய மாம்பழ பீரில் மாம்பழம் இருந்தும் கிடைக்காத ஏதோ ஒன்று, வாழைப்பழமே இல்லாத இந்தக் குவளையில் இருந்தது. "நேத்து ராத்திரிதான் இந்த டேங்க்கைத் திறந்தோம்" என்றார். "அந்தக் குழாய்க்கும் உங்க கையிக்கும் நடுவுல இருக்கற தூரம் இருக்கு பாருங்க சார், அதுதான் லோக்கல். மூட்டை எங்கிருந்து வந்தா என்ன? காய்ச்சினது எங்கயும் போகல. பத்து நாள் கழிச்சு வந்தீங்கன்னா இந்த வாசனை பாதி இருக்காது."

அடுத்து அவர் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "சிற்றூர்க்காரருன்னா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமே சார். கள்ளும் இப்படித்தானே? காலைல இறக்கினது மத்தியானம் எப்படி மாறும்?" ஒரு தொழில்காரன் இன்னொரு தொழிலைப் பற்றி அறிய விரும்பும் உண்மையான ஆர்வம் அவர் கண்ணில் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாளையில் சுரக்கும் நீரில் சுக்ரோஸ் இருப்பதையும், கலயத்திலேயே காட்டு ஈஸ்ட்டுகள் அதை நொதிக்கவைப்பதையும், சாக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்ட் முன்னே போக லாக்டிக் அமில பாக்டீரியாவும் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் பின்னால் வந்து மறுநாளுக்குள் அதைக் காடியாக்கிவிடுவதையும் விளக்கினேன். ஒன்பதாம் வகுப்பில் நிற்பதுபோலவே நின்று விளக்கினேன். அவர் மரியாதையாக முழுவதும் கேட்டார். "அது எனக்கும் தெரியும் சார். ருசி எப்படி மாறும்னு கேட்டேன்."

"புளிக்கும்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கிளாஸ்கோ வழியாக வந்த விஸ்கி

அன்று இரவு மைத்துனன் வீட்டு வராந்தாவில் அம்ருத் ஃப்யூஷன் பாட்டிலைத் திறந்தோம். விஸ்கியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்கு அதில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் அதன் பயணம் அன்றைய மனநிலைக்குத் தைத்தது. பெங்களூரில் 1948-இல் ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாலே தொடங்கிய நிறுவனம் அம்ருத். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் கணிசமான பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் வடித்தது, கலந்தது. தானியத்தில் வடித்து மூன்று ஆண்டாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் விஸ்கி என்னும் ஐரோப்பியச் சட்டப்படி அதற்கு அந்தப் பெயரே செல்லாது. அந்த நிலையில் பார்லியில் மட்டும் வடித்த சிங்கிள் மால்ட்டை இவர்கள் முதலில் விற்பனைக்குக் கொண்டுபோன இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, 2004-இல். பெங்களூர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கைத் தங்கள் ஊரில் வாங்க 2010 வரை காத்திருந்தார்கள். அதற்குள் ஜிம் முர்ரே என்னும் பிரிட்டிஷ் விமர்சகர் தம் 2010-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று அறிவித்திருந்தார். அந்த ஃப்யூஷனிலும் இந்திய பார்லியோடு புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லி கலந்திருக்கிறது. பெங்களூருக்கே உரியது என்று சொல்ல வேண்டுமென்றால் வெயிலைத்தான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும் விஸ்கி, பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் அழகாகச் சொல்வதை, இங்கே 'பேராசைத் தேவதைகள்' என்று பொருள்படும் கிரீடி ஏஞ்சல்ஸ் என்ற பெயரில் ஒரு விஸ்கியாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அதே வெயில் மரத்தின் சாரத்தையும் விரைவாக இழுத்துத் தருவதால், அங்கே பன்னிரண்டு ஆண்டுகளில் வருவது இங்கே நான்கைந்து ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது.

50 சதவீத ஆல்கஹால், அப்படியே குடித்தால் நாக்கு மரத்துப்போகும். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டதும் முதலில் அடுப்புப் புகை, பிறகு காய்ச்சிய வெல்லப்பாகு. நன்றாக இருந்தது. மைத்துனன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான், என் காதில் விழவில்லை. ருசி எப்படி மாறும் என்று கேட்ட குரலே ஓடிக்கொண்டிருந்தது.

நான் 400 கிலோமீட்டர் போய்க் கேட்ட கேள்வியும் பொள்ளாச்சிக்காரர் 20 கிலோமீட்டர் வந்து கேட்ட கேள்வியும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் அவருக்கு எல்லை தாண்டச் சட்டமே காரணமாக இருக்கிறது. எனக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உரிமம் பெற்ற கடை இருக்கிறது. உள்ளூர்ச் சரக்கு வேண்டும், ஆனால் நான் உள்ளூர்க்காரனாக இருக்கும் ஊரின் சரக்கு மட்டும் வேண்டாம் என்பதுதான் இத்தனை நாளாக என் ஏற்பாடாக இருந்திருக்கிறது. பெங்களூரில் நான் தேடிய அந்த மொட்டைமாடிச் சுதந்திரம், எந்தப் பிள்ளையின் தகப்பனாரும் என்னைப் பார்க்கமாட்டார் என்ற உறுதி தவிர வேறில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு 22 ஆண்டுகளாக நொதித்தல் பாடத்தில் கள்ளை எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன். பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்ளும் பையன்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது ஒருவாறு புரிகிறது.

சனிக்கிழமை, நான்கு மணி

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மைத்துனன் ஊருக்கு வந்தபோது, அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கறுப்புப் பலகைக்குள் நுழைந்தேன். கூட்டிக்கொண்டு என்று எழுதுகிறேன். உண்மையில் வாசலில் நான் நின்றுவிட, அவன்தான் முதலில் போனான். உள்ளே சிறு சிறு தடுப்பறைகள், சிமென்ட் மேசை, சுவரில் மின்விசிறி, கப்பைக் கிழங்கும் போட்டி (குடல்) வறுவலும் வேகும் வாசனை. இரண்டு அறைகளில் தமிழ்நாட்டுப் பேச்சு கேட்டது. வழக்கமாக வருகிறவர் போன்ற முகத்தோடு ஒரு குப்பி கேட்டேன். வெள்ளையாக, நுரை தணிந்து வந்தது. நான் அதைக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் ஒரு நிழல் நின்றது. அரையில் அரிவாள் பெட்டியோடு, எட்டாம் வகுப்பு முடித்துப் போன என் மாணவி ஒருத்தியின் தகப்பனார். பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் எழுந்து போகிறவர்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயந்திருந்த அந்த நிமிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். உள்ளே வந்து குப்பியை எடுத்து முகர்ந்தார்.

"என்னங்க சார், இப்ப வந்திருக்கீங்க? இது காலைல எறக்குனதுங்க. வெயில்ல கெடந்து கடுத்துப் போச்சு. சாருக்கு இதையா குடுக்கறது?" குப்பியைத் தம் கையோடு எடுத்துக்கொண்டுபோய் மேசையில் இருந்தவரிடம் வைத்து மலையாளத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். திரும்பி வந்து, "அந்திக்கள்ளு ஆறரைக்கு வரும். அதுவரைக்கும் இருக்கறதுன்னா போட்டி சொல்லுங்க, இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார். பிறகு, மாலைச் சீவலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகக் கிளம்பிப்போனார். காலையும் மாலையும் இறக்க ஏறுவதோடு நடுப்பகலிலும் ஒருமுறை ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வர வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை சுணங்கிவிடும் என்பதை அவர் மகள்தான் ஒருமுறை வகுப்பில் எனக்குச் சொன்னாள்.

நாங்கள் காத்திருந்தோம். ஆறே முக்காலுக்கு அவரே கொண்டுவந்தார். குவளையின் விளிம்பில் நுரை இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, காதருகே வைத்தால் கேட்கும் அளவுக்கு. முதல் மடக்கில் இளநீர் வழுக்கையின் இனிப்பு, நாக்கின் ஓரத்தில் மிக லேசாக ஒரு கடுப்பு. அரை மணி நேரம் கழித்து அதே குப்பியிலிருந்து ஊற்றியபோது இனிப்பு ஓரடி பின்வாங்கி, மோரில் இஞ்சி தட்டிப் போட்டதுபோல் ஒரு விறுவிறுப்பு முன்னே வந்திருந்தது. மூன்றாவது முறை ஊற்றும்போது புதுக் கோதுமை மாவு புளிக்கும் வாசனை. அதன் அடியில், நான் சத்தியம் செய்வேன், பழுத்த நேந்திரன். மைத்துனனிடம் குவளையை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவனும் ஆம் என்றான்.

குப்பத்துக்காரரின் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.